கென்னடிக்கு அப்பால் எங்கே?

(பழைய மாணவர் சங்கக் கனடாக் கிளையின் வருடாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘கல்லூரிக்கால நினைவுகள்’. எனக்கு முன்னே பேசிய மூன்று பேரும் அதே தலைப்பில் மிக அழகாகப் பேசிவிட்டார்கள். விடுதிப் பருப்பிலும் பிரம்படியிலும் நான் சொல்ல இனி மிச்சமில்லை. ஆகவே தலைவரிடம் அனுமதி கேட்டு, வேறு ஒரு விசயத்தைக் கதைக்க வந்திருக்கிறேன். ஸ்காபுறோவுக்கு வருகிற சப்வேயை எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்பதுதான் அந்த விசயம்.

“இது என்ன, பழைய மாணவர் சங்கத்தில கோச்சிக் கதை?” என்று சிலர் யோசிக்கலாம். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஸ்காபுறோவிலோ, அதற்கு வடக்கே மார்க்கத்திலோ இருக்கிறீர்கள். இப்போது கார் வைத்திருக்கிறவர்களும் ஒரு காலத்தில் பனியில் பஸ்சுக்கு நின்றவர்கள்தான். இன்றைக்கும் உங்கள் வீட்டில் கம்பசுக்குப் போகிற பிள்ளை பஸ்சில் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மாவும் பஸ்சில்தான் போகிறா. நான் ஊரில் நில அளவையாளராக இருந்தவன். இங்கே வந்து தொழிற்சாலையில் ‘ஷிப்ற்’ அடித்தவன். சங்கிலி பிடித்து நிலம் அளந்த பழக்கத்தில், பஸ்சில் இருக்கும்போதும் தூரத்தையும் நேரத்தையும் அளந்துகொண்டே இருந்திருக்கிறேன். அந்த அளவைதான் இன்றைய என் பேச்சு.

இந்த மலர் ஊரில் எங்கள் கல்லூரியில் இப்போது படிக்கும் பிள்ளைகளின் கைக்கும் போகும். ஆகையால் அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுகிறேன்.

ரொறன்ரோவின் முதலாவது நிலக்கீழ் ரயில் 1954 மார்ச் 30-இல் யங் வீதியின் கீழே ஓடத் தொடங்கியது. கனடாவிலேயே அதுதான் முதலாவது சப்வே. தெற்கு வடக்காகப் போகும் பாதை அது. கிழக்கு மேற்காகப் போகும் புளோர்-டான்ஃபோர்த் பாதை 1966-இல் திறக்கப்பட்டது. 1968-இல் அது கிழக்கே வோர்டன் வரைக்கும், 1980-இல் கென்னடி வரைக்கும் நீண்டது. அங்கே நின்றதுதான். அதற்குப் பிறகு 40 வருடத்துக்கு மேலாக ஸ்காபுறோவுக்குள் ஒரு அடி சப்வேகூடத் திறக்கப்படவில்லை.

இந்த 40 வருடத்தில்தான் நாங்கள் வந்தோம். 1983-க்குப் பிறகு வந்த எங்கட ஆட்கள் பலர் முதலில் டவுன்ரவுணில், வெலஸ்லி - பார்லிமென்ற் பக்கத்து உயர்ந்த மாடிக் கட்டிடங்களில் இருந்தார்கள். அங்கேயிருந்து சப்வேக்கு நடந்து போகலாம். பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், ஊரில் இருந்து அம்மா அப்பா வந்தார்கள், வீடு வாங்கவேண்டி வந்தது. மலிவாக வீடு கிடைத்த இடம் ஸ்காபுறோ. மார்க்கம் வீதி, மக்கோவன், ஃபிஞ்ச், மால்வேண் என்று பரவினோம். நாங்கள் கிழக்கே வந்தோம், சப்வே எங்களோடு வரவில்லை. அது கென்னடியில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கென்னடிக்கு அப்பால் ஒன்றுமே இல்லாமல் இருந்ததா என்றால், அப்படியும் இல்லை. 1985 மார்ச்சில் ஸ்காபுறோ ஆர்.ரி. என்று ஒரு சின்ன ரயில் வந்தது. கென்னடியில் தொடங்கி, லோறன்ஸ் கிழக்கு, எல்ஸ்மியர், மிட்லண்ட், ஸ்காபுறோ சென்ரர், மக்கோவன் என்று 6 நிலையங்கள். தூரம் 6.4 கி.மீ. முதலில் அங்கே சாதாரண ட்ராம் வண்டிப் பாதை போடத்தான் திட்டமிட்டிருந்தார்கள். பிறகு மாகாண அரசு, தன் சொந்தக் கம்பனி உருவாக்கிய புதுத் தொழில்நுட்பத்தைப் போடவேண்டும் என்று நின்றது. அப்படி வந்ததுதான் அந்த நீல வண்டி.

அதில் போனவர்களுக்குத் தெரியும். கென்னடியில் சப்வே நிலத்துக்குக் கீழே. பஸ் நிலமட்டத்தில். ஆர்.ரி. அதற்கு மேலே. ஆகவே மாலையில் வேலை முடிந்து வந்து இறங்கிய கூட்டம் முழுவதும் கீழே இருந்து மேலே மாடி மாடியாக ஏறவேண்டும். எஸ்கலேற்றர் பழுதென்றால் முழங்கால் வருத்தக்காரர் பாடு அதோகதி. பனி கொட்டினால், ஐஸ் பிடித்தால் ரயில் நின்றுவிடும், பஸ் வரும். இப்படி 38 வருடம் ஓடியது. 2023 ஜூலை 24 மாலை எல்ஸ்மியர் நிலையத்துக்குப் பக்கத்தில் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேர் காயப்பட்டார்கள். அந்த வருடம் நவம்பரில் எப்படியும் மூட இருந்த ரயிலை அன்றோடு மூடிவிட்டார்கள்.

இங்கே ஒரு விசயம் கவனிக்கவேண்டும். இதே தொழில்நுட்பத்தோடு அதே 1985-இல் வன்கூவரில் ஒரு ரயில் திறக்கப்பட்டது. ‘ஸ்கைட்ரெயின்’ என்று பெயர். அதை அவர்கள் ஆற்றுக்கு அப்பால் சறி நகரம் வரை நீட்டினார்கள், பஸ்களை அதற்கு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தார்கள், மேலும் மேலும் பாதை போட்டார்கள். அது அந்த நகரத்தின் முதுகெலும்பாகிவிட்டது. எங்களுடையதை மால்வேணுக்கு நீட்டும் யோசனை பல முறை வந்து போனதே தவிர, ஒரு நிலையம்கூடக் கூடவில்லை. ஆகையால் வண்டியில் மட்டும் பிழை சொல்லிப் பயனில்லை. பாதையை எங்கே தொடங்கினார்கள், எங்கே நிறுத்தினார்கள், இடையில் ஆட்களை எப்படி மாற்றி ஏற்றினார்கள் என்பதில்தான் எங்கட நட்டம் இருந்தது.

இனி கேள்விக்கு வருகிறேன். ஒரு சப்வேயை எங்கே நீட்டுவது?

எங்கள் ஆட்களிடம் கேட்டால் உடனே ஒரு இடத்தின் பெயரைச் சொல்லுவார்கள். “ரவுன் சென்ரருக்கு”, “மால்வேணுக்கு”, “ஸ்ரீல்ஸ் வரைக்கும்”. ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசலைச் சொல்லுகிறார்கள். அது மனித இயல்பு. அரசியல்வாதியும் ஒரு பெயரைத்தான் சொல்லுவார், ஏனென்றால் பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். என் அபிப்பிராயம், வரைபடத்தில் கோடு எங்கே முடிகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வெளிக்கிடும் ஒரு ஆளுக்கு எந்த இடத்தில் நேரம் வீணாகிறது என்று பார்க்கவேண்டும்.

வடமராட்சி ஆட்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பருத்தித்துறைக்கோ நெல்லியடிக்கோ தண்டவாளம் போகவில்லை. கொழும்புக்குப் போகிறதென்றால் பஸ் பிடித்துக் கொடிகாமத்துக்கு வந்து அங்கே கோச்சி ஏறவேண்டும். கோச்சி எவ்வளவு வேகமாக ஓடினாலும், கொடிகாமத்துக்கு வருகிற பஸ் பிந்தினால் அந்த வேகத்தால் என்ன பிரயோசனம்? ஸ்காபுறோவில் பெரும்பாலான ஆட்கள் வடமராட்சிக்காரர் மாதிரித்தான். கென்னடிதான் அவர்களுடைய கொடிகாமம். நடந்து வந்து சப்வே ஏறுகிறவர்கள் கொஞ்சப் பேர், பஸ்சில் வந்து ஏறுகிறவர்கள்தான் கூட.

ஆகவே நான் நாலு அளவுகோல் வைத்திருக்கிறேன்.

முதலாவது, பஸ்கள் சேரும் இடம். ஒரு பஸ்சில் ஏறக்குறைய 50 பேர் போகலாம். 6 பெட்டி சப்வே ரயில் ஒன்றில் சுமார் 1,000 பேர். அப்படியென்றால் ஒரு ரயிலை நிரப்ப 20 பஸ் வேண்டும். ஸ்காபுறோ போல வீடுகள் ஐதாக இருக்கும் இடத்தில் நடந்து வருகிறவர்களால் மட்டும் ரயில் நிரம்பாது. எந்தச் சந்தியில் அதிகம் பஸ் வழிகள் சேருகின்றனவோ, எங்கே சேரும்போது பஸ் சுற்றி வளைக்காமல் நேரே வரமுடியுமோ, அங்கேதான் நிலையம் வேண்டும். ரி.ரி.சி. இதைப் பழைய காலத்தில் நன்றாகச் செய்தது. நிலையத்துக்குள்ளேயே பஸ் வந்து நிற்கும், திரும்ப ரிக்கற் கேட்கமாட்டார்கள். 1973-இல் நகரத்துக்கு ஒரு கட்டணம், புறநகருக்கு மேலதிகக் கட்டணம் என்ற முறையையும் எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டாலும்தான் புறநகர் ஆட்கள் சப்வேக்கு வந்தார்கள்.

இரண்டாவது, மாறி ஏறும் தொல்லை. போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வண்டிக்குள் இருக்கிற ஒரு நிமிடத்தைவிட, தரிப்பில் நிற்கிற ஒரு நிமிடம் ஆட்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரமாகத் தெரியும். ஜனவரி மாதத்தில் நின்று பார்த்தவர்கள் மூன்று மடங்கு என்று சொல்லுவார்கள். ஒரு இடத்தில் மாறி ஏறுவதை இல்லாமல் செய்தால், ரயிலின் வேகத்தைக் கூட்டியதைவிடக் கூட லாபம். கென்னடியில் அந்த மாடிப்படி ஏற்றத்தை நீக்கியாகவேண்டும் என்று ஸ்காபுறோ சனம் கேட்டதில் நியாயம் இருந்தது.

மூன்றாவது, இடையில் எத்தனை நிலையம். 1966-இல் திறந்த புளோர்-டான்ஃபோர்த் பாதையில் ஏறக்குறைய 13 கி.மீ. தூரத்தில் 20 நிலையங்கள். கிட்டத்தட்ட ஒவ்வொரு 650 மீற்றருக்கும் ஒன்று. யாரும் 5 நிமிடத்துக்கு மேல் நடக்கத் தேவையில்லை. ஸ்காபுறோவில் பெருந்தெருக்கள் 2 கி.மீ.க்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். எக்ளிங்ரன், லோறன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பேட், ஃபிஞ்ச், ஸ்ரீல்ஸ் எல்லாம் பழைய காணி அளவையின் கோடுகள். பெருந்தெருவுக்கு ஒரு நிலையம் என்று வைத்தாலே, நடுவில் இருப்பவர் 1 கி.மீ. நடக்கவேண்டும். அதையும் குறைத்தால் ரயில் அவர் வீட்டுக்குக் கீழே ஓடும், அவரோ மேலே பஸ்சுக்கு நிற்பார்.

நாலாவது, செலவு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது எங்கட ஆட்களின் பேச்சு. நிலத்துக்குக் கீழே போடும் டொலரையும் அளந்துதான் போடவேண்டும். அரசாங்கத்தின் காசு என்றால் அது வானத்தில் இருந்து வருவதில்லை. 2013-இல் இந்த சப்வேக்காகவே ரொறன்ரோவில் வீட்டு வரியை 1.6 வீதம் கூட்ட முடிவெடுத்தார்கள். இங்கே வீடு வைத்திருக்கிற எல்லோரும் அதைக் கட்டியிருக்கிறோம்.

இந்த நாலையும் வைத்துக்கொண்டு, வந்து போன திட்டங்களைப் பார்ப்போம்.

முதலாவது திட்டம், ஆர்.ரி. ஓடிய அதே பாதையில் எல்.ஆர்.ரி. என்ற இலகு ரயில். 2007-இல் மேயர் டேவிட் மில்லர் காலத்தில் வந்தது. 7 நிலையங்கள். சென்ரெனியல் கல்லூரிக்கும் போகும், மால்வேண் பக்கத்தில் ஷெப்பேட் வீதி வரைக்கும் போகும். 180 கோடி டொலர், மாகாண அரசு கொடுக்கும். பலர் இது வீதியில் சிக்னலுக்கு நிற்கும் ட்ராம் என்று நினைத்தார்கள். அப்படியல்ல, இதற்கு முழுவதும் தனிப்பாதை. நடந்து வருகிறவருக்கும் மால்வேண் ஆட்களுக்கும் இதுதான் கிட்ட. குறை என்னவென்றால் கென்னடியில் மாறி ஏறத்தான் வேண்டும். இன்னொன்று, கட்டும் காலத்தில் ஆர்.ரி.யைச் சில வருடம் மூடி, பஸ் விடவேண்டி வரும்.

இரண்டாவது, 2013-இல் நகரசபை மாற்றி எடுத்த முடிவு. சப்வேயையே நீட்டுவது. கென்னடியில் இருந்து கிழக்கே போய், மக்கோவன் வீதியால் வடக்கே திரும்பி, லோறன்ஸ், ஸ்காபுறோ சென்ரர், ஷெப்பேட் என்று 3 நிலையங்கள். அப்போது சொன்ன கணக்கு 356 கோடி டொலர். மாறி ஏறும் தொல்லை இல்லை.

மூன்றாவது, அதே 2013-இல் மாகாண அமைச்சர் சொன்னது. ஆர்.ரி.யின் பழைய பாதையிலேயே சப்வே, 2 நிலையங்கள். அது நிலைக்கவில்லை.

நாலாவது, 2016-இல் வந்தது. 3 நிலையத்தையும் ஒன்றாக்கி, கென்னடியில் இருந்து ஸ்காபுறோ சென்ரருக்கு நேரே ஒரே ஓட்டம். மிச்சப்படும் காசில் எக்ளிங்ரன் கிழக்கால் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபுறோ வளாகம் வரைக்கும் இலகு ரயில் போடலாம் என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. அடுத்த வருடமே அந்த ஒரு நிலையச் சப்வேக்கு மட்டும் 335 கோடி டொலர் என்று கணக்கு வந்தது. மிச்சக் காசு காற்றில் போய்விட்டது.

ஐந்தாவதுதான் இப்போதைய திட்டம். 2019-இல் மாகாண அரசு தன் கையில் எடுத்து, திரும்ப 3 நிலையம் என்றது. 7.8 கி.மீ., 550 கோடி டொலர் என்று அன்று அறிவித்தார்கள். 2021-இல் வேலை தொடங்கியது. 2023 ஜனவரியில் ஷெப்பேட் - மக்கோவன் சந்தியில் இருந்து சுரங்கம் தோண்டும் இயந்திரம் இறங்கியது.

இந்த ஐந்துக்கும் நடுவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எல்.ஆர்.ரி. வேண்டாம் என்றதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கட்டும்போது சில வருடம் பஸ்சில் போகவேண்டி வருமே என்பது. சப்வே என்றால் ஆர்.ரி. கடைசிவரை ஓடும் என்றார்கள். முடிவை மாற்றி மாற்றி எடுத்ததில் வருடங்கள் போக, ஆர்.ரி. பொறுக்காமல் 2023-இல் தானே விழுந்துவிட்டது. சப்வே திறக்கும் வரைக்கும் பஸ்தான். எந்தச் சிரமத்தைத் தவிர்க்க வெளிக்கிட்டோமோ அதுவே, இன்னும் நீளமாக, எங்கட தலையில் வந்தது. சண்டை பிடித்த நகரசபை உறுப்பினர்களில் எத்தனை பேர் அந்த பஸ்சில் நின்றுகொண்டு போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. நைற் ஷிப்ற் முடித்து வருகிற எங்கட பிள்ளையள் போகினம்.

இப்படி ஆனதற்குக் காரணம், சப்வே ஒரு மானப் பிரச்சினையாக மாறியதுதான். “டவுன்ரவுண்காரருக்குச் சப்வே, எங்களுக்கு மட்டும் ட்ராமா?” என்ற கேள்வி எழுந்தது. 1998-இல் ஸ்காபுறோ தனி நகரமாக இருந்த நிலை போய் ரொறன்ரோவோடு சேர்க்கப்பட்ட பிறகு, எங்களைக் கவனிக்கவில்லை என்ற மனத்தாங்கல் சனத்துக்கு இருந்தது. அது பொய்யான மனத்தாங்கல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மானத்துக்காகப் பாதை போட்டால், மானம் ஒரு நிலையத்தோடு நிறைந்துவிடும். பஸ்சுக்கு நிற்கிறவருக்கு ஒரு நிலையம் போதாது.

சரி, எங்கே நீட்டியிருக்கவேண்டும் என்று என்னைக் கேட்டால், என் விடை இது.

ஸ்காபுறோ சென்ரரில் நிறுத்துவது பிழை. ஷெப்பேட் - மக்கோவன் வரைக்கும் போவது சரி. காரணம், வடக்கே மார்க்கத்தில் இருந்தும் ஃபிஞ்சில் இருந்தும் மக்கோவன் வழியாக வரும் பஸ்களும், கிழக்கே மால்வேணில் இருந்து ஷெப்பேட் வழியாக வரும் பஸ்களும் அந்தச் சந்தியில் நேரே வந்து சேரலாம். கடைத்தொகுதிக்குள் நுழைந்து வளைந்து வரத் தேவையில்லை. லோறன்ஸ் - மக்கோவன் நிலையமும் சரி. அங்கே ஸ்காபுறோ பொது ஆஸ்பத்திரி இருக்கிறது. நோயாளிகள், பார்க்க வருகிறவர்கள், தாதிமார், துப்புரவு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நாள் முழுக்க வந்து போகும் இடம். கந்தோர் நேரத்தில் மட்டும் கூட்டம் என்றில்லை. இப்படிப்பட்ட இடம் ஒரு நிலையத்துக்கு லட்சணமான இடம். ஒரு நிலையத் திட்டத்தில் ரயில் இந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தில் நிற்காமலே போயிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்குதில்லை.

ஆனால் 7.8 கி.மீ.க்கு 3 நிலையம் என்றால் சராசரி 2.6 கி.மீ.க்கு ஒன்று. அதிலும் கென்னடிக்கும் லோறன்சுக்கும் நடுவில்தான் ஆக நீண்ட இடைவெளி. எக்ளிங்ரனுக்குக் கீழே பிறிம்லிச் சந்தியை ரயில் நிற்காமல் தாண்டிப் போகிறது. அங்கே ஒரு நிலையம் வந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லலாம். 1987-இல் யங் பாதையில் நோர்த் யோர்க் சென்ரர் நிலையத்தை அப்படித்தான், ரயில் ஓடிக்கொண்டிருந்த பாதையில், இரண்டு நிலையங்களுக்கு நடுவில் கட்டினார்கள். ஆகவே முடியாத காரியம் இல்லை. ஆனால் முதலிலேயே செய்தால் செலவு குறைவு, தொல்லையும் குறைவு.

இதற்கு அப்பாலும் சுரங்கம் தோண்டவேண்டுமா? ஃபிஞ்சுக்கு, ஸ்ரீல்சுக்கு, மார்க்கத்துக்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். ஷெப்பேட் வீதியின் மேற்குப் பக்கத்தைப் பாருங்கள். 2002-இல் 5.5 கி.மீ. சப்வே, 5 நிலையங்கள் கட்டி, டொன் மில்ஸில் ஒரு கடைத்தொகுதி வாசலில் நிறுத்தினார்கள். ஸ்காபுறோ சென்ரர் வரை வரவேண்டிய பாதை அது, காசு அவ்வளவுதான். இன்னும் முன்னால், 1994-இல் எக்ளிங்ரன் மேற்கில் சப்வேக்குக் குழி தோண்டத் தொடங்கினார்கள். 1995-இல் அரசு மாறியதும் அந்தக் குழியை மண் போட்டு மூடினார்கள். சுரங்கம் என்பது ஒரு தேர்தலில் தொடங்கி இன்னொரு தேர்தலைத் தாண்டிப் போகும் வேலை. அதை நம்பி மால்வேண் சனத்தை இன்னும் 30 வருடம் இருத்தி வைக்கக்கூடாது.

இன்னொரு வழி இருக்கிறது. 2020 ஒக்ரோபரில் எக்ளிங்ரன் கிழக்கு, கிங்ஸ்ரன் வீதி, மோர்னிங்சைட் வழியாக, பிறிம்லியில் இருந்து பல்கலைக்கழக வளாகம் வரைக்கும் 8.5 கி.மீ. தூரத்துக்கு வீதியில் சிவப்பு நிறம் பூசி, பஸ்சுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். சுரங்கம் இல்லை, பெரிய இயந்திரம் இல்லை. தூரத்தைப் பாருங்கள், புதிய சப்வேயைவிட நீளம். இதுபோல மார்க்கம் வீதியிலும் ஷெப்பேட் கிழக்கிலும் பஸ் பாதை வந்தால், மால்வேண் பிள்ளை ஷெப்பேட் நிலையத்துக்குக் கார்களுக்குள் மாட்டுப்படாமல் வந்து சேரும். கூட்டம் கூடக்கூட அதே வழியில் இலகு ரயில் போடலாம். யானை வாங்கினவன் அங்குசம் வாங்கக் காசில்லை என்று நிற்கக்கூடாது.

கணக்குப் படிப்பித்த எங்கள் ஆசிரியருக்காக ஒரு சின்னக் கணக்கும் சொல்லுகிறேன். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் வருகிற ஆள் சராசரி 5 நிமிடம் நிற்பார். அதே பஸ்கள் நெரிசலில் மாட்டி, இரண்டு இரண்டாகச் சேர்ந்து 20 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால், சராசரி 10 நிமிடம். ஓடுகிற பஸ்சின் எண்ணிக்கை ஒன்றுதான், சாரதியின் சம்பளமும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் போகவர 10 நிமிடம் நட்டம். வாரத்தில் 5 நாள் என்றால் 50 நிமிடம். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற நேரம் அது. சப்வே நீண்டு வருவதால் மிச்சப்படும் நேரம், அதற்கு வந்து சேரும் பஸ்சில் தொலைந்து போகக்கூடாது.

கடைசியாக, நாங்கள் என்ன செய்யலாம்? நகரசபையும் ரி.ரி.சி.யும் மாகாணத்தின் மெற்ரோலிங்ஸ் நிறுவனமும் பொதுக்கூட்டம் வைக்கும்போது எங்கட ஆட்களின் முகம் குறைவு. தேர்தல் காலத்தில் மட்டும் எங்களைத் தேடி வருகிறார்கள், நாங்களும் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. அடுத்த கூட்டத்துக்கு இந்தச் சங்கத்தில் இருந்து பத்துப் பேராவது போகவேண்டும். போய், “எங்களுக்கும் சப்வே தா” என்று மட்டும் கேட்டுவிட்டு வராமல் மூன்று கேள்வி கேட்கவேண்டும். இந்த நிலையத்துக்கு எந்தெந்த பஸ் வரும், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? பஸ்சில் இருந்து ரயிலுக்குப் போக எத்தனை படி, லிப்ற் பழுதானால் வேறு வழி என்ன? அந்த பஸ்சுக்கு வீதியில் தனிப்பாதை உண்டா? இந்த மூன்றுக்கும் விடை வாங்கினால், எங்கட பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நன்மை செய்தவர்களாவோம்.

ஊரில் இந்த மலரை வாசிக்கும் தம்பி தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. 1990-இல் நின்றுபோன வடபகுதி ரயில் 2014-இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015-இல் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். நாளைக்கு உங்களில் யாராவது பொறியியலாளராக, நில அளவையாளராக வந்து வீதிக்கும் தண்டவாளத்துக்கும் கோடு போடுவீர்கள். போடுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க பஸ்சில் போய்ப் பாருங்கள். மீன் பெட்டியோடு ஏறுகிற அம்மா எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடக்கிறா என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கல்லூரியில் படித்த திரிகோணகணிதம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். பஸ்சில் வந்தவர்கள் கடைசி பஸ்சையும் நினைக்கவேண்டும்.